வாணிபம் செய்வார்க்கு வேண்டிய நூல்கள்

 

புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசவேண்டிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ஓர் இரயில்வே எழுத்தரை நிறுத்தியிருக்கின்றீர்கள். "சொந்தத் தொழில் தொடங்கும் நம்மவர் எவ்வெந் நூல்களைப் படித்தல் நலம்?" என்னும் பொருளையும் கொடுத்திருக்கின்றீர்கள். இதுபற்றிப் பேச எமக்கு உள்ள தகுதி ஒன்றே. நூல்களைப் படிக்கவேண்டிய முறையில் படிக்காமல் நட்டப்பட்டவர்கள் யாம். பின்னர் அவற்றை முறையாகப் படித்து ஒருவாறு கரையேறியவர்களும் யாமே. அந்த அனுபவத்தை மறைக்காமல் சொல்வதே இவ்வுரை.

கொச்சியில் தமிழர் தொழில் செய்வது இன்று நேற்று வந்த வழக்கமன்று. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்கு அழைத்து வரப்பெற்ற தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள், இன்றும் கோட்டைக் கொச்சியின் வேலிப் பகுதியில் சலவைத்துறை நடத்துகின்றனர். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் தெருக்களில் மூட்டை சுமந்தும், கணக்கெழுதியும், கடை வைத்தும் பிழைத்த தமிழர் பலர். நம் வைட்டிலாவின் நிலையோ யாவரும் அறிந்ததே. 2011-இல் பெரிய பேருந்து நிலையம் வந்தது. 2019-இல் மெட்ரோ இரயில் வந்தது. 2023-இல் காக்கநாட்டுக்கு நீர்வழிப் படகும் ஓடத் தொடங்கிற்று. மக்கள் நடமாட்டம் பெருகப் பெருக, இஸ்திரி வண்டி, தட்டுக்கடை, தையல், பூக்கட்டு, முறுக்கு, அதிரசம் என்று நம் காலனியில் சிறுதொழில்களும் பெருகியுள்ளன. பிறரிடம் கைகட்டி நிற்றலினும் சொந்தக் காலில் நிற்போம் என்று நம் பிள்ளைகள் துணிவது போற்றத்தக்கதே. ஆனால் துணிவு மட்டும் போதுமா என்பதே கேள்வி.

எம் கதையைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்தரசியார் இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கினார். இரயில்வே ஊழியர் முன் அனுமதியின்றி வாணிபம் செய்யலாகாது என்பது 1966-ஆம் ஆண்டின் நடத்தை விதி. ஆதலால் தொழில் அவர் பெயரில். குடும்பத்தார் தொழில் நடத்தும் செய்தியை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தோம். முதல் ஆறு திங்கள் தொழில் இனிதே நடந்தது. அடுக்ககங்களில் வாழும் குடும்பங்களும் இரண்டு மூன்று தட்டுக்கடைக்காரரும் நாள்தோறும் மாவு வாங்கினர்.

அக்காலத்தில் யாம் முன்னேற்ற நூல்கள் சிலவற்றை விரும்பிப் படித்துக் கொண்டிருந்தோம். பெரிதாக நினைத்தால் பெரியவர் ஆகலாம், அஞ்சுகின்றவன் என்றும் வளரான் என்று அவற்றில் எழுதியிருந்தது. படித்த சூட்டில், இல்லத்தரசியார் வேண்டாவென்று தடுத்தும் கேளாமல், இரண்டாவது அரைவைப் பொறியும் பெரிய குளிர்பெட்டியும் கடனுக்கு வாங்கினோம். நாள் தண்டலுக்கும் பணம் எடுத்தோம். இதற்கிடையே அடுத்த தெருவில் ஒருவர் மாவை விலை குறைத்து விற்கத் தொடங்கவே, யாமும் குறைத்தோம். அவர் மேலும் குறைத்தார். யாமும் மேலும் குறைத்தோம். எம் மாவின் அடக்கவிலை என்ன என்பதே எமக்குத் தெரியாது! அரிசி உளுந்தின் விலையை மட்டும் கணக்கிட்டோம். மின்கட்டணம், உறை, புளித்துக் கொட்டிய மாவு, கடைக்காரர் வைத்த பாக்கி, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உழைத்த ஒரு பெண்மணியின் கூலி இவற்றில் எதனையும் எழுதவில்லை. முடிவில், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த தங்கச் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. அன்றிரவு அவ்வம்மையார் எம்மை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

அந்நாளில் நம் காலனியில் வாழ்ந்த முதியவர் ஒருவர், ஓய்வு பெற்ற இரயில்வே கார்டு, எம் வீட்டு அலமாரியைப் பார்த்துவிட்டு, "தம்பி, இத்தனை புத்தகம் படித்திருக்கிறீர்களே, ஒரு நாளாவது கணக்கு எழுதினீர்களா?" என்று கேட்டார். எமக்கு விடையில்லை. அவர்தாம் எமக்கு நூல் படிக்கும் முறையைக் கற்பித்தார். தொழில் செய்வோர் நூலை மூன்று காலத்தில் படிக்கவேண்டும். தொடங்குமுன் ஒரு வகை, நடத்தும்போது ஒரு வகை, தளரும்போது ஒரு வகை என்பது அவர் கொள்கை. அம்முறையிலேயே ஈண்டு நூல்களைக் கூறுவோம்.

முதலாவது, தொடங்குமுன் படிக்கவேண்டியவை. இங்கே திருக்குறளை முதலில் வைக்கின்றோம். அதனை மேடையில் முழங்கவும் சுவரில் எழுதவும் நாம் அறிவோம். கடை தொடங்குமுன் கலந்தாலோசிக்கும் நண்பராகக் கொள்வார் சிலரே. பொருட்பாலின் எழுபது அதிகாரங்களும் அரசனுக்கு மட்டுமே உரியன என்று ஒதுக்கிவிடல் ஆகாது. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47 முதல் 50 வரையுள்ள நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. செய்யப்போகும் செயலில் வருவது எவ்வளவு, போவது எவ்வளவு, நம் வலிமை என்ன, எதிரியின் வலிமை என்ன, இது தக்க காலமா, இது தக்க இடமா என்ற கேள்விகளையெல்லாம் அந்நாற்பது குறள்களும் கேட்கின்றன. இன்று வங்கியில் தொழிற்கடன் கேட்கச் சென்றால் திட்ட அறிக்கை கேட்கிறார்களே, அதில் உள்ள கேள்விகளும் பெரும்பாலும் இவையே அல்லவா?

வலியறிதலில், மென்மையான மயிற்பீலியையும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்து வருகிறது. வரும் வழி சிறிதாக இருப்பினும், போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தும் அங்கேயே உண்டு. எட்டாம் வகுப்பு வரையே படித்த எம் இல்லத்தரசியார் இவற்றைக் கேட்டதும், "அந்த இரண்டாவது பொறிதான் நாம் ஏற்றின மயிற்பீலி" என்றார். உரையாசிரியர் எவரும் எமக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

திருக்குறளுக்கு அடுத்து யாம் கூறப்போகும் நூலைக் கேட்டு நீங்கள் நகைக்கலாம். அது தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் வெளியிடும் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல். தமிழிலேயே உள்ளது; விலையும் குறைவு; இணையத்தில் விலையின்றியும் எடுத்துக்கொள்ளலாம். பற்று எது, வரவு எது, குறிப்பேடு எது, பேரேடு எது என்பதை எண்களோடு கற்பிக்கும். இஃது அயலார் கலையென்று எண்ணவேண்டா. இத்தாலியில் லூக்கா பசியோலி என்னும் துறவி இரட்டைப் பதிவு முறையை 1494-இல் அச்சேற்றினார் என்பது உண்மையே. ஆயினும் பர்மாவிலும் இலங்கையிலும் மலாய் நாட்டிலும் கடை வைத்திருந்த நம் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் பேரேடும் ஐந்தொகையும் வைத்துத் துல்லியமாகக் கணக்கெழுதியவர்களே. அவர்தம் வீட்டுப் பிள்ளைகள் இளமையிலேயே கடைக்குச் சென்று அடுத்தாளாக நின்று கணக்குப் பழகினர். நம் பிள்ளைகளுக்கு அப்பயிற்சி இல்லை. ஆதலின் இப்பாடநூல் வேண்டும்.

இரண்டாவது, தொழில் நடத்தும்போது படிக்கவேண்டியவை. காந்தியடிகளின் "சத்திய சோதனை" இவற்றுள் முதன்மையானது. அதனை நாட்டு விடுதலைக்காகவும் ஒழுக்கத்துக்காகவும் படிப்போர் பலர். இலண்டனில் அவர் மாணவராயிருந்த பகுதியை வணிகர் மீண்டும் ஒருமுறை படிக்கவேண்டும். வண்டிக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாள் எனச் செலவிட்ட ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்குமுன் இருப்பைச் சரிபார்க்கும் வழக்கம் அவருக்கு அங்கே உண்டாயிற்று. பிற்காலத்தில் பொதுப்பணம் பெருந்தொகையாகத் தம் கையில் புழங்கியபோது இப்பழக்கமே தமக்குக் கைகொடுத்தது என்று அவரே கூறுகின்றார். சிறு வரவில் கணக்கெழுதாதவன் பெருவரவில் எழுதுவான் என்பது வீண் நம்பிக்கை.

அடுத்தது பெஞ்சமின் பிராங்கிளினின் தன்வரலாறு. அவர் மெழுகுவத்தி செய்வாரின் மகன். பள்ளியில் படித்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். தமையனாரின் அச்சகத்தில் கைத்தொழில் பயின்றவர். பதின்மூன்று நற்பண்புகளை ஒரு சிறு ஏட்டில் வரிசையாக எழுதி, நாள்தோறும் தவறியவற்றுக்கு எதிரே கரும்புள்ளி வைத்து வந்தார். அஃதாவது தம் நடத்தைக்கும் ஒரு பேரேடு வைத்தார். 1727-இல் தம்மை ஒத்த தொழிலாளர் சிலரைக் கூட்டி வாரந்தோறும் உரையாடும் குழு அமைத்தார். 1731-இல் சந்தா செலுத்தி நூல் படிக்கும் நூலகம் ஒன்றைப் பிலடெல்பியாவில் தொடங்கினார். தனியொருவராக வாங்க இயலாத நூல்களைப் பலர் கூடி வாங்கினர். இச்செய்தியை நினைவில் வையுங்கள். இறுதியில் இதனிடம் திரும்பி வருவோம்.

பங்குச் சந்தை, முதலீடு முதலியவற்றை அறிய விரும்புவோர்க்கு நம் காலத்தில் சோம. வள்ளியப்பன் எளிய தமிழில் "அள்ள அள்ளப் பணம்" என்ற வரிசை நூல்களை எழுதியுள்ளார். அண்டை வீட்டார் சொன்னார் என்று பணம் போடுவதற்குமுன் ஒருமுறை படிப்பது நன்று.

மூன்றாவது, தளரும்போது படிக்கவேண்டியவை. இதில் எம் மனத்துக்கு மிக அண்மையில் நிற்பது "மனம்போல வாழ்வு". ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் 1903-இல் எழுதிய சிறு நூலின் தமிழாக்கம் அது. தந்தையை இழந்து, பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர் ஆலன். பல ஆண்டுகள் எம்மைப்போல் எழுத்தர் பணி செய்தவர். தமிழாக்கியவரோ கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள்.

அன்பர்களே! அந்நூலை அவர் எந்நிலையில் தமிழாக்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். முதலீடு பத்து இலட்சம் ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. கொழும்புக்குச் செல்லும் கட்டணத்தை வெள்ளையர் கம்பெனி ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக இறக்கியது. பின்னர் வெள்ளையர் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் தர முன்வந்தது என்பர். 1908-இல் அவருக்கு விதிக்கப்பெற்ற தண்டனை நாற்பது ஆண்டுகள்; மேல்முறையீட்டில் குறைக்கப்பெற்றது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். பின்னர் நம் கேரளத்துக் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்று, 1912 டிசம்பரில் அங்கிருந்தே விடுதலையானார். அதற்கு முன்பே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பெற்றுவிட்டது. அச்சிறைவாழ்வின்போதுதான், மனத்தின் வலிமையைப் பேசும் அந்நூலை அவர் தமிழில் ஆக்கினார்.

இதனின்று இரண்டு பாடங்கள் பெற்றோம். ஒன்று, விலைப்போர் பற்றியது. விலையை அடக்கத்துக்குக் கீழே இறக்கிப் போட்டியிட்டால், நட்டத்தை நெடுநாள் தாங்க வல்லவனே எஞ்சுவான். அப்பெருமகனார் நாட்டுக்காக அப்போரில் இறங்கினார், அது தியாகம். யாம் அடுத்த தெருக்காரரோடு இறங்கியது தியாகமன்று, வீம்பு.

மற்றொன்று, நூல்களைப் பற்றியது. நல்லெண்ணம், உறுதி, உழைப்பு என்று முன்னேற்ற நூல்கள் கேட்கும் குணங்கள் யாவும் வ. உ. சி. அவர்களிடம் நிறைந்திருந்தன. ஆயினும் கம்பெனி வீழ்ந்தது. விடுதலைக்குப் பின்னும் வறுமை அவரை விடவில்லை. ஆதலால் நல்லெண்ணம் உடையார் எல்லாரும் செல்வராவர் என்று எந்நூலேனும் உறுதி கூறுமாயின், அதனை நம்பவேண்டா. அவ்வாறாயின் அந்நூலால் அவர்க்குப் பயன் என்ன? கப்பல் போயிற்று, பொருள் போயிற்று, வழக்கறிஞர் தொழிலுக்குரிய உரிமையும் போயிற்று. ஆனால் மனிதர் குலையவில்லை. தமிழ்ப் பணி செய்தார்; தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தார்; திருக்குறளுக்கு உரை எழுதினார். இழந்த வழக்கறிஞர் உரிமையை மீளப் பெற உதவிய வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று இட்டு நன்றி பாராட்டினார். பொருள் இழந்தவன் தன்னையும் இழந்துவிடாமல் காப்பதே நல்ல நூலின் பயன்.

இவ்வரிசையில் இன்னொரு நூல் சாமுவேல் சுமைல்சு 1859-இல் வெளியிட்ட "தன்முயற்சி" என்னும் பொருள்படும் ஆங்கில நூல். அவரும் இரயில்வேக்காரர் என்பதில் எமக்குச் சிறு பெருமை! இரயில்வேக் கம்பெனிகளில் செயலாளராக இருந்துகொண்டே எழுதியவர் அவர். இங்கிலாந்தின் லீட்சு நகரில் இளந்தொழிலாளர் சிலர் மாலை வேளையில் கூடித் தமக்குள் படித்தனர். கூட்டம் பெருகியபோது, முன்பு வாந்திபேதி மருத்துவமனையாக இருந்த, எவரும் வாடகைக்கு எடுக்கத் துணியாத கூடத்தை எடுத்துக்கொண்டனர். அவர்களிடையே சுமைல்சு ஆற்றிய உரைகளே நூலுக்கு வித்து. ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகள் அதனைப் படித்துப் பெற்றோர்க்குத் தமிழில் சொல்லலாம். தமிழிலேயே வேண்டுவோர்க்கு அப்துற்-றஹீம் அவர்களின் "வாழ்க்கையில் வெற்றி"யும், எம். எஸ். உதயமூர்த்தி அவர்களின் "எண்ணங்கள்" என்னும் நூலும் உண்டு. கையில் கணக்கேடு இருக்கும்போது இவற்றைப் படியுங்கள். கணக்கேடு இன்றிப் படித்தால் எமக்கு நேர்ந்ததே நேரும்.

எம் கதையின் முடிவையும் கேட்பீர்கள். இரண்டாவது பொறியை நட்டத்துக்கு விற்றோம். இல்லத்தரசியார் மகளின் பழைய பள்ளி நோட்டில் கணக்கெழுதத் தொடங்கினார். அடக்கவிலையை அறிந்தபின், விலையைச் சற்றே உயர்த்தினோம். வாடிக்கையாளர் சிலர் விலகினர். நல்ல மாவு வேண்டியவர் நின்றனர். கடைக்காரர்க்குப் பாக்கி ஒரு வாரத்துக்கு மேல் இல்லை என்று வரையறுத்தோம். தண்டல் கடன் அடைய இருபது திங்கள் ஆயிற்று. சங்கிலி மீண்டது. இன்றும் ஒரே பொறிதான் ஓடுகிறது. பெருஞ்செல்வர் ஆகவில்லை, ஆனால் கதவு தட்டப்படும் ஓசை கேட்டு அஞ்சாமல் உறங்குகின்றோம்.

இறுதியாகச் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நாம் குடியிருக்கும் மாநிலம் நூலகத்துக்குப் பெயர் பெற்றது. 1945-இல் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்களை ஒன்று கூட்டி இயக்கம் கண்ட பி. என். பணிக்கரின் நினைவாக, அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளைக் கேரளத்தார் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகின்றனர். அவர் மண்ணில் வாழும் நாம், நம் சங்கத்தின் சிறு அறையில் ஓர் அலமாரியேனும் வைத்தல் ஆகாதா? யாம் கூறிய நூல்களை வாங்க ஒரு குடும்பத்தால் இயலாவிடினும், இருபது குடும்பங்கள் கூடினால் எளிது. திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுவோம். நூல் எடுக்க வருவோர்க்கு ஒரே நிபந்தனை: அத்திங்களின் கணக்கை எழுதி முடித்துவிட்டு வரவேண்டும். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கவேண்டா. எழுதினேன் என்று அவரவர் சொல்லே போதும். பெண்டிரும் அக்கூட்டத்துக்குத் தவறாது வரவேண்டும். எம் வீட்டில் அடக்கவிலையைக் கண்டுபிடித்தவர் யார் என்பதை முன்பே சொன்னோம்.

முதல் தவணையாகத் திருக்குறள் உரை ஒன்றும், அம்முதியவர் எமக்குக் கொடுத்த "மனம்போல வாழ்வு" படியும் கொண்டு வந்திருக்கின்றோம். அவர் இன்று நம்மிடையே இல்லை. நூலைத் திருப்பித் தரவேண்டிய கடன் மட்டும் எம்மிடம் நின்றது. அதனைச் சங்கத்திடம் செலுத்தி, அக்கணக்கையும் இன்றோடு நேர் செய்கின்றோம்.